பதினைந்து அம்பியர்

கரவன் வண்டிக்குள் ஒரு பல்பைத் தவிர எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்த பிறகும் கதவோரத்து மீற்றர் ஆறு அம்பியர் என்று காட்டிக்கொண்டிருந்தது. அப்ராஸ் அதை விரலால் தட்டிப் பார்த்தான். ஆறு ஏழானது.

ஏசி ஓடவில்லை. பிரிட்ஜின் பிளக்கை அவனே கழற்றி வைத்திருந்தான். மேலே ஒரேயொரு சின்ன பல்ப் மட்டும் எரிந்தது.

"கேத்தலப் போட்டயா?"

படுக்கை ஓரத்தில் இருந்த மனைவி றபீக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒண்டுலயும் கை வெக்கல்ல."

அவள் கை வைக்கவில்லை என்பதை அவனும் கண்ணால் கண்டிருந்தான். அதற்குள் மீற்றர் பதினைந்தைத் தாண்ட, வெளியே கரண்ட் கம்பத்தில் 'டக்' என்றது. இருட்டு. மணலில் பாய் விரித்திருந்த அவளுடைய குடும்பத்தார் கொல்லென்று சிரித்தார்கள். எல்லோரிலும் உரக்கச் சிரித்தவர் அவளுடைய அண்ணன், றமீஸ் காக்கா.

"என்ன மச்சான், ஒங்கட மாளிகை மறுகாவும் கண்ண மூடிட்டா?"

அப்ராஸுக்குக் காது மடல் சுட்டது. கொழும்பில் இந்தப் பழைய கரவனை வாங்கி, சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடப்போவதாகக் கல்முனை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் அவன்தான். ஏசி, பிரிட்ஜ், சுடுதண்ணி, ஒரு வீடே சில்லில் ஓடுகிறது, வந்து பாருங்கள் என்று இவர்களை நிந்தவூர்க் கடற்கரைக்குக் கூட்டிவந்தவனும் அவன்தான். ஆனால் கரவன் முப்பது அம்பியர் கேட்டது. முகாம் இடத்தை நடத்தும் சியாம் பின்னேரமே சொல்லியிருந்தான்: "இஞ்ச பதினஞ்சுதான் காக்கா. ஏசி போட்டா மத்த எல்லாத்தையும் நிப்பாட்டிருங்க." மாற்றுப் பிளக்கையும் அவனே தந்தான். கரவனை ஒரு பழைய சீமெந்துத் தளத்தில் ஏற்றி நிறுத்தச் சொன்னதும் அவன்தான். "சுனாமில போன வீடு. அத்திவாரம் நல்ல மட்டமா இரிக்கி."

அந்த வீட்டு ஆட்கள் என்ன ஆனார்கள் என்று அப்ராஸ் கேட்கவில்லை. வண்டி ஆடாமல் நின்றது, அவனுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது கம்பத்தடிக்குப் போய் சுவிட்சைத் தூக்கிவிட்டுத் திரும்பினான். எல்லா முகங்களும் அவனையே பார்த்தன. வார்த்தை தானாக வந்தது.

"தொடாத தொடாதண்டு செல்றன், இவள் கேட்டாத்தானே! ஒரு சுவிட்சப் பாத்துக்கொள்ளவும் ஏலாத பொம்புள!"

கரவன் படியில் நின்ற றபீக்காவுக்கு அது கேட்டது. முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது. பாய்கள் சுருட்டப்பட்டன. றமீஸ் மூடிய கதவருகே போய் நின்றார். "வா புள்ள, நம்மட ஊட்ட போவம்."

"நீங்க போங்க காக்கா. நான் அவரோட வாறன்," என்றது அவள் குரல்.

அவர்களுடைய வேனின் சிவப்பு வெளிச்சம் பிரதான வீதிப் பக்கம் மறைந்தபோது அந்தி மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சியாம் தொழப் பள்ளிக்குப் போனவன் திரும்பவில்லை. அப்ராஸ் உள்ளே போக வெட்கப்பட்டுக் கம்பத்தடியிலேயே நின்றான். என்ன சொல்லிப் போவது? மன்னித்துக்கொள் என்ற சொல் இத்தனை வருடத்தில் அவன் வாயில் வந்ததேயில்லை.

காலடியில் கிடந்த வயர் சுட்டது. மணலில் ஊன்றிய செருப்பின் அடியையும் தாண்டி, காய்ச்சல்காரனின் நெற்றிபோல, விட்டுவிட்டு இறங்கி ஏறும் சூடு. றப்பர் கருகும் வாசம் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வாசம்: வெள்ளம் வடிந்த வீட்டில் ஊறிப்போன அலுமாரியைத் திறந்தால் எழுமே, அந்தச் சேற்று நெடி. கடலிலிருந்து வீசிய காற்றில் அது இல்லை. கரவன் பக்கமிருந்து வந்தது.

கரவனின் சுருள்வில் 'கிறீச்' என்றது. யாரோ படியேறி உள்ளே போகும்போது அசைவதுபோல, வண்டி ஒரு பக்கம் சரிந்து மெல்ல நிமிர்ந்தது. படியில் யாரும் இல்லை. கதவும் மூடித்தான் இருந்தது.

மறுபடியும் சரிந்தது. மறுபடியும்.

உள்ளே பீங்கான் கோப்பைகள் உரசும் சத்தம். ஒரு குழந்தை அழுதது. யாரோ அதை அமர்த்தினார்கள்.

"றபீக்கா?"

"ஆக்கள் வந்திரிக்காங்க." அவள் குரல் வழக்கம்போலவே இருந்தது. களைத்த குரல். "இருக்க இடமில்ல. இன்னும் வாறாங்க. நீங்க வந்து என்னக் கூட்டிப் போங்க."

ஓடிப்போய்க் கதவின் கைப்பிடியைத் தொட்டான். ஈரம். பனிக்கட்டிபோல் குளிர்ந்தது.

"இஞ்சருங்க... கெதியா."

திறந்தால் போதும். ஒரு இழுவை.

கைப்பிடியை விட்டான்.

கம்பத்துக்கு ஓடினான். கரண்டை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினான். பொய் என்று தெரிந்தே ஓடினான். பிளக்கைப் பிடித்து இழுத்தான். கழன்று கையோடு வந்தது.

வெளிச்சம் அணையவில்லை.

பற்றரி பூட்டாத கரவன். வயரின் நுனி அவன் கையில். இருந்தும் எல்லா ஜன்னல்களும் மஞ்சளாய் எரிந்தன, ஒரு வீட்டில் இராச்சாப்பாட்டு நேரத்தில் எரிவதுபோல. கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து தளத்தில் பரவியது. வண்டிச் சில்லுகள் பாரத்தில் நசுங்கின.

ஜன்னலில் றபீக்கா. இரு பக்கமும் நனைந்த தோள்கள் அவளை நெருக்கின. அவள் அவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். அவன் நின்ற தூரத்தைப் பார்த்தாள்.

வாய் திறந்து கூப்பிட அவனுக்கு முகமில்லை.

அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள். துணியில் நிழல்கள். தலைகள். நெருக்கமாக, அசையாமல், எல்லாம் அவன் பக்கமே திரும்பி. அவற்றில் எது அவளுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.