செம்பட்டை ஹன்னாவின் பெயர்

"நான் செத்துட்டேன்னா, உங்க முன்னாடி கத்திக்கிட்டு நிக்கிறது யாரு ஐயா?"

"சத்தம் போடாதம்மா. ஏட்டுல அப்படித்தான் இருக்கு."

"அந்த ஏட்ட எழுதுன மகராசன் யாரு?"

எழுதியவர் அவள் எதிரில் உட்கார்ந்திருந்த லேஹிதான். ஏழைகள் விடுதியின் கணக்கர், கார்க் நகரத்திலிருந்து வந்த வெளியூர்க்காரர். டுவயர் குடும்பப் பெயர்க்காரர்களே நிறைந்த எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி ஆளைத் தேட முடியாது. ஒருத்தி செம்பட்டை ஹன்னா, இன்னொருத்தி வெள்ளை ஹன்னா. முடியைப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் விடுதிக்குள் பேனுக்குப் பயந்து எல்லார் தலையும் மொட்டை. காய்ச்சலில் செத்துச் சுண்ணாம்புக் குழிக்குப் போனவள் வெள்ளை ஹன்னா. லேஹி கோடு கிழித்ததோ செம்பட்டை ஹன்னாவின் பெயர்மேல்.

திருத்தலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் நிர்வாகக் குழு கையெழுத்துப் போட்டாயிற்று. தப்பை ஒப்புக்கொண்டால் இன்னும் நிரந்தரமாகாத வேலை போகும். வேலை போனால் மாவு மில்காரர் மகள் ஐலீன் கிடைக்கமாட்டாள். அவள் இவரை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

"செத்தவளுக்குக் கூழ் ஊத்த முடியாதும்மா. வெள்ளை ஹன்னா பேரு உயிரோடதான் இருக்கு. அதைக் கூப்பிடும்போது 'இருக்கேன்'னு சொல்லு. கிண்ணம் வந்துரும்."

ஹன்னாவின் குரல் இறங்கியது. "அவ பேர நான் எடுத்துக்கிட்டா, அவ எதை எடுத்துக்குவா?"

லேஹி அலுப்போடு பேனாவைத் துடைத்தார்.

மூன்றாம் நாள் மதியம், பசி தாங்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே அவள் "இருக்கேன்" என்றாள்.

அதன்பின் கணக்கர் அறைக்கு அடுத்திருந்த சாப்பாட்டுக் கூடத்தில் ஆஜர் எடுக்கும்போதெல்லாம், ஈரக் கம்பளி வாடையும் சோளக்கூழ் ஆவியும் கதவிடுக்கில் கசிந்து வர, கடைசிப் பெயரும் முடிந்து கரண்டிகள் எழுவதற்கு முந்தைய அந்தச் சிறு அமைதியில், வாயில் மண்ணை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல இன்னொரு "இருக்கேன்" லேஹிக்குக் கேட்டது. இருமல் என்று நினைத்துக்கொண்டார். தினம் ஒருத்திக்குக் கிண்ணம் குறைகிறது என்று மேட்ரன் வந்து சொன்னபோது 'திருட்டு' என்று எழுதிவைத்தார். இப்போது சுண்ணாம்பு வாடையும் சேர்ந்து வந்தது.

பிப்ரவரியில் மேட்ரன் ஹன்னாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். "இந்தக் கூத்தப் பாருங்க சார்."

மொட்டையில் முடி முளைத்திருந்தது. வைக்கோல்போல வெளுத்து. ஒரு செம்பட்டை மயிர்கூட இல்லை.

"என் பேரத் திருப்பிக் குடுத்துருங்க ஐயா," என்றாள் ஹன்னா. கத்தக்கூடத் தெம்பில்லை.

லேஹி பதிவேட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார். ஐலீன் நினைவுக்கு வந்தாள். மூடிவிட்டார்.

கூடத்தில் ஆஜர் முடிந்தது. அமைதி.

"இருக்கேன்."

கதவைத் தள்ளினார். பட்டப்பகல். வரிசை வரிசையாக மொட்டைத் தலைகள். கடைசிப் பெஞ்சில் ஒருத்திக்கு மட்டும் முடி. இடுப்பு வரை. செம்பட்டை. நுனியில் ஈரமண்.

அவள் திரும்பினாள். கிண்ணத்தை நீட்டினாள்.

லேஹி அன்றே லிவர்பூலுக்குப் போய்விட்டார், ஏட்டைத் திருத்தாமலேதான். ஹன்னா கனடா போனாள். துறைமுகத்தில் காத்திருந்த சொந்த அண்ணன் செம்பட்டைத் தலையைத் தேடி அவளைக் கடந்து போனானாம். ஐலீன், அடுத்து வந்த கணக்கரைக் கட்டிக்கொண்டாள். அவர் எங்கள் ஊர்க்காரர், எதையும் எழுதுவதில்லை. கடைசிப் பெஞ்சில் தினம் ஒரு கிண்ணம் கூடுதலாக வைக்கச் சொல்கிறார். அது காலியாகத்தான் திரும்புகிறது, விளிம்பில் ஒரு நீளச் செம்பட்டை மயிரோடு.