அரை மில்லிகிராம் குறைவு

"மூணு மணிக்கு அந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பணும். அதுக்குள்ள அவ ஏமாத்தினாளா இல்லையான்னு சொல்லுங்க" என்று நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார் மின்கல ஆய்வகத் தலைவர்.

கடை கடையாகத் தராசுகளைச் சோதித்து ஓய்வுபெற்றபின் துப்பறிய வந்தவர் தராசுக்காரர். அவர் தலையை மட்டும் அசைத்தார். அவருடைய மைத்துனனுக்கோ அப்போதே கை பரபரத்தது.

விஷயம் இதுதான். லித்தியம் தகட்டை வெறுமனே வைத்து மின்னேற்றினால், அதில் ஊசி ஊசியாக உலோகம் முளைத்து மின்கலத்தைக் கெடுத்துவிடும். அதைத் தடுக்க அந்த இளம் ஆய்வாளர் மெல்லிய பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். அவள் செய்த மின்கலங்கள் அறுநூறு முறை ஏற்றி இறக்கியும் அசரவில்லை. அதே பூச்சில் மூத்த ஆய்வாளர் செய்தவை அறுபதிலேயே படுத்துவிட்டன.

"கடையில வாங்கினதை மாத்தி வெச்சிருப்பா, அத்தான்!"

"கேஸை முடிச்சிட்டியா மாப்ளே? அப்ப நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

ஆய்வகத்தில், காற்று புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் வேலை. உள்ளே இடுக்கி, தகட்டை வட்டமாக வெட்டும் அச்சு, சின்னத் தராசு, நார் வளைந்த ஒரு பிரஷ். மைத்துனன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். தராசுக்காரர், அங்கே நின்றிருந்த இளம் ஆய்வாளர், மூத்தவர் இருவரின் நோட்டுகளையும் வரி வரியாகப் படித்தார்.

"ஒரே தகட்டுச் சுருள், ஒரே அச்சு. பூச்சுக்கு முன்னால எடுத்த எடையில இந்தப் பொண்ணோட வட்டு ஒவ்வொண்ணும் அரை மில்லிகிராம் குறையுதே?"

"பொய்க் கணக்கு. வேற என்ன?" என்றார் மூத்தவர்.

"பொய் எழுதறவங்க உங்க எடையைப் பார்த்து எழுதியிருப்பாங்க. ஆமா, அந்த பிரஷ் எதுக்கு?"

"பெட்டியைக் கூட்ட."

"அப்ப அதோட நார்ல உலோகத்தூள் எப்படி அப்பிச்சு?"

அவள் நிமிர்ந்தாள். "நான் தேய்ப்பேன் சார். தகட்டு மேல மங்கலா ஒரு ஏடு படிஞ்சிருக்கும். அதை எடுத்துட்டுத்தான் பூசுவேன்."

"இதை ஏன் நோட்டுல எழுதலை?" தலைவர் சீறினார்.

"பாத்திரம் கழுவிட்டுச் சமைச்சேன்னு யாராவது எழுதுவாங்களா சார்?"

தராசுக்காரர் சிரித்துவிட்டார். "தேய்ச்சது ஒண்ணு, தேய்க்காதது ஒண்ணு, ரெண்டு வட்டுலயும் பூச்சு ஒரு சொட்டு விடும்மா."

தேய்க்காத வட்டில் பூச்சு முத்து முத்தாகத் திரண்டு நின்றது. தேய்த்ததில் விளிம்புவரை வழுக்கிப் பரவியது. நடுவிலே விட்டுப்போன திட்டு ஒன்றுகூட இல்லை. அந்தப் பளபளப்பைப் பார்த்து மைத்துனன் பேனாவை மூட மறந்தான். கடையில் வாங்கினாளாம்! அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"பூச்சு விட்டுப்போன இடத்துலதான் உங்களுக்கு ஊசி முளைச்சிருக்கு" என்றார் தராசுக்காரர்.

தலைவர் சட்டைக் கையை மடித்துக் கையுறைக்குள் கை விட்டு பிரஷை எடுத்தார். முதல் வட்டு கிழிந்தது. இரண்டாவது சுருண்டது.

"அழுத்தாதீங்க சார். வெண்ணெய் மாதிரி அது. ஒரே பக்கமா, லேசா..."

"நீ எங்கயும் போகாதம்மா" என்றார் தலைவர், கண்ணை எடுக்காமல். "இன்னொரு வட்டு வெட்டிக் குடு."