பார்க்காத பஸ்

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர்கள் வழக்கம்போல் இடுப்புவாரை மாட்டிக்கொண்டு கூரையில் தலைகீழாக உட்கார்ந்திருந்தார்கள். சனிக் கோளைச் சுற்றும் மிதவூரில் யாருக்கும் எடை கிடையாது. தரையை முதலாம் ஆண்டுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

விரிவுரையாளர் சந்தானம் பாடத்தை அவசரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பரீட்சை. திருத்துவது பூமியில் இருக்கும் திருத்துபொறி. ஒரே ஒருவர் தவறினாலும் ஆசிரியர் பாசித் தொட்டி கழுவப் போக வேண்டும் என்பது மிதவூர்ச் சட்டம்.

“நிலைமம்னா என்ன? ஓடுற பஸ் திடீர்னு பிரேக் போட்டா, உள்ளே நிக்கிறவங்க முன்னாடி சாய்வாங்க. அதுதான்.”

“பஸ்ஸுன்னா என்ன சார்?” என்றாள் அங்கயற்கண்ணி.

சந்தானம் மிதவூரிலேயே பிறந்தவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான். “நீளமா இருக்கும். ஜனங்க உள்ளே போய் நிப்பாங்க. இடமில்லைன்னா வாசல்ல தொங்குவாங்க.”

“நம்மளை மாதிரியா?”

“ஆமா. ஆனா அவங்க விழுவாங்க.”

“விழுவோம்னு தெரிஞ்சுமா ஏறுறாங்க?”

“அதெல்லாம் பரீட்சையில வராது.”

அவள் விடவில்லை. “சாப்பாட்டுக் கூடத்துக்குப் போற இழுவண்டி நிக்கும்போது தினமும் நம்ம தலை முன்சுவர்ல முட்டுதே சார். வண்டி நின்னுடுது, நாம நிக்கலை. இது அதுதானே?”

சந்தானம் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டார். “அது வேறம்மா. குழப்பிக்காதே. பஸ்ஸையே நினைச்சுக்கோ.”

பரீட்சை முடிவு வந்தது. ‘பஸ் ஒரு நீளமான மிருகம். அது நின்றால் வயிற்றில் இருப்பவர்கள் முன்னால் விழுவார்கள்’ என்று எழுதிய மகிழ்நனுக்கு முழு மதிப்பெண். இழுவண்டியை எழுதிய அங்கயற்கண்ணிக்குப் பூஜ்யம். ‘விடையில் பஸ் இல்லை’ என்று பொறி குறித்திருந்தது. அதைப் பழக்கிய பூமி வாத்தியார்கள், தாங்கள் காலங்காலமாகத் திருத்திய விதத்தைத்தான் அதற்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் சந்தானமும் அங்கயற்கண்ணியும் பாசித் தொட்டிக்குக் கிளம்பினார்கள். அவர் கழுவுவதற்கு, அவள் பக்கத்தில் மிதந்துகொண்டு மறுதேர்வுக்குப் படிப்பதற்கு. இழுவண்டி சட்டென்று நின்றது. இரண்டு தலைகளும் ஒன்றாகப் போய் முன்சுவரில் முட்டின.

“இப்ப சொல்லுங்க சார். இது என்ன?”

சந்தானம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். மறுதேர்வையும் அதே பொறிதான் திருத்தும்.

“இது வலிம்மா. நிலைமம்னா பஸ்.”