தூணோரத்து வெப்பமானி

"மேடம், ஆத்துக்குள்ள நான் கண்டுபிடிச்ச ஊத்து காணாமப் போயிடுச்சு" என்றாள் அக்னஸ்.

ஸ்ரீரங்கத்து மாடியறையில், ஜன்னலுக்கு வெளியே ஓடிய காவிரியைப் பார்த்தபடி துப்பறிவாளர் மட்டுவார்குழலி கேட்டுக்கொண்டிருந்தார். உதவியாளன் அமிர்தராஜ் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டான்.

அது 1983. துவாக்குடிக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துவந்த அக்னஸ், காவிரியில் மூன்று வெப்பமானிகளை இறக்கிக் கோடை முழுவதும் அளந்திருந்தாள். விடியும்போது நீர் மிக லேசாகக் குளிர்ந்தது, மணலுக்கடியில் ஏதோ மூச்சுவிடுவதுபோல. ஆனால், கம்ப்யூட்டர் டேப்பிலிருந்து அச்சடித்த தாள்களில், ஊற்றின் அடையாளமான அந்தக் குளிர்ச்சி இல்லை.

"நாளைக்குக் கமிட்டி. பொய் சொல்லிட்டேன்னு என் பட்டத்தையே நிறுத்திடுவாங்க. கம்ப்யூட்டர் ரூம் கியாசுதீன் சார்தான் டேப்பை மாத்தியிருக்கணும்!"

மூவரும் கல்லூரிக்குப் போனபோது, கியாசுதீன் தாள்களை எடுத்து நீட்டினார். கம்ப்யூட்டர் அறை குளிர்ந்து, தூக்கத்தில் முனகுவதுபோல் ஒலித்தது.

"கைரேகை எடுத்துடவா மேடம்?"

"முதல்ல நம்பரைப் படி, அமிர்தராஜ்."

"இருபத்தேழரை, இருபத்தேழரை, இருபத்தெட்டு... எல்லாமே முழுசு, இல்லேன்னா அரை!"

"அக்னஸோட வெப்பமானி டிகிரியில நூத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டும். திருடன்னா ஊத்தை மட்டும் அழிச்சிருப்பான். இங்க எல்லா நம்பரையும் ஒரே மாதிரி சீவியிருக்கு. டேப்ல இடம் பத்தலையா, கியாசுதீன்?"

அவர் தலை குனிந்தது. "ஆமாங்க. பக்கத்து அரை டிகிரிக்கு மாத்தித்தான் ஏத்தினேன். அதுக்குள்ள பெருசா என்ன இருந்துடப் போகுதுன்னு..."

"என் ஊத்து இருந்துச்சு சார்! அசல் நம்பரைத் துளைபோட்டு வெச்ச பழைய கார்டெல்லாம் எங்க?"

"பேப்பர் கடைக்குப் போயிடுச்சும்மா."

அக்னஸின் கண்கள் நிறைந்தன. மட்டுவார்குழலி ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரெண்டு வெப்பமானி அசையாம இருபத்தேழரையே சொல்லுது. இது மட்டும் ஏன் குதிக்குது?"

"அது பாலத் தூண்கிட்ட, சுழல்ல கிடக்கு. கிறுக்கு மேடம் அது."

"அமைதியான தண்ணி லேசா குளிர்ந்தா, பக்கத்து அரை டிகிரி மாறாது. அதான் அங்க ஊத்து தெரியல. இது நடுங்கிக்கிட்டே இருக்கு. தண்ணி குளிர்ந்தா, கீழ இருக்கற அரை டிகிரிக்கு இது விழுற தடவை கொஞ்சம் கூடும். எல்லா நாளையும் சேர்த்து, மணிக்கு மணி இதுக்குச் சராசரி போடுங்க."

கியாசுதீன் ஓடினார். அச்சு இயந்திரம் தடதடத்தது. தாளில் புள்ளிகள் நீண்டு, விடியலில் மெல்லத் தாழ்ந்து, மறுபடி எழுந்தன.

"நாளைக்குக் கமிட்டில நான் சீவினதை நானே சொல்றேம்மா" என்றார் அவர்.

அக்னஸ் அந்தப் பள்ளத்தை விரலால் தடவினாள். "அந்தக் கிறுக்கு வெப்பமானியைக் கழட்டிடுங்கன்னு பரிசல்காரர்கிட்ட சொல்லியிருந்தேன் மேடம்."

"அப்புறம் ஏன் கழட்டல?" என்றான் அமிர்தராஜ்.

"சுழலுக்குப் பயந்து போகவே இல்லையாம்."