கல்கல் சீப்பு

முடிச்சூரில் பிளஸ்ஸியின் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு புதுச் சீப்பு வாங்குவார்கள். அந்தச் சீப்பால் யாரும் தலை வாரமாட்டார்கள். வாரவும் கூடாது.

அது கல்கல் செய்யும் சீப்பு. மைதாவும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்த மாவைச் சின்னச் சின்னதாக உருட்டி, சீப்பின் பற்கள்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால், கோடு கோடாக ஒரு குட்டிச் சங்கு வரும். எண்ணெயில் பொரித்தால் அதுதான் கல்கல். ஸ்டாரும் சீரியல் பல்பும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் வந்துவிடும். கல்கல் இல்லாமல் வராது.

இந்த வருடச் சீப்பு பச்சை நிறம். அம்மா யூனிஸ் அதைத் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிச் சமையலறை அலமாரியில் உறையோடு வைத்திருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிளஸ்ஸி அந்தச் சீப்பை உறையிலிருந்து சத்தமில்லாமல் உருவினாள்.

அதற்குக் காரணம் புதன்கிழமை நடந்த ஒத்திகை. சண்டே ஸ்கூல் நாடகத்தில் பிளஸ்ஸிக்குத் தேவதூதன் வேடம். தலையில் வெள்ளைத் துணி. பஞ்சுத் தாடியோடு பக்கத்தில் நின்ற ஸ்டெபின் திடீரென்று கத்தினான்.

"டேய், ஏஞ்சல் தலையில ஒரு ஆட்டுக்குட்டி ஓடுது பாருங்கடா!"

வெள்ளைத் துணியில் ஒரு பேன் ஊர்ந்துகொண்டிருந்தது.

மேய்ப்பர்கள் சிரித்தார்கள். மூன்று ஞானிகளும் சிரித்தார்கள். ஆட்டுக்குட்டி வேடம் போட்ட சின்னப் பிள்ளைகூடச் சிரித்தது. பிளஸ்ஸிக்குத் தன் வசனம் மறந்துபோயிற்று.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா டீச்சர். போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னது அவள் காதிலேயே இருந்தது.

"நாலாம் கிளாஸ்ல ஒரு பொண்ணு, தலை முழுக்கப் பேன். பெத்தவங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்களா?"

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? பேன் சீப்பு அம்மாவின் பீரோவில் இருந்தது. கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். புதுச் சீப்பின் ஒரு பக்கத்தில் பற்கள் நெருக்கமாக இருந்தன. பிளஸ்ஸி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாரினாள். பிறகு அந்தச் சீப்பைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவித் துடைத்து, உறைக்குள் நுழைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். கழுவினால் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்தது. குரோம்பேட்டையிலிருந்து ரத்தினபாய் அத்தை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். அப்பாவின் அக்கா அவர். கல்கல் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

மாவு தயார். எண்ணெய் காய்ந்தது. அத்தை உறையைப் பிரித்துப் பச்சைச் சீப்பை எடுத்தார்.

பிளஸ்ஸி மெல்லக் கதவுப் பக்கம் ஒதுங்கினாள்.

"வாடி, உக்காரு. உன் கை சின்னக் கை, கல்கல் அழகா வரும்."

"கை வலிக்குது அத்தை."

ஹாலில் சீரியல் பல்பின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஃபிரெடி அங்கிருந்தே சொன்னான். "வேலைன்னா வலிக்கும் அத்தை. சாப்பிடறப்போ தானா சரியாயிடும்."

ஆனால் முதல் ஈடு வெந்து வந்ததும் அத்தை நீட்டிய கல்கல்லை அவள் வாங்கவில்லை.

"பசிக்கல."

அத்தையின் கட்டைவிரல் சீப்பின்மேல் சறுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் பற்களின் இடுக்கில் மாவு புகுந்து வெளியே வந்தது. பிளஸ்ஸி கதவோரம் நின்று பார்த்தாள். இரண்டு முறை வாயைத் திறந்தாள். முதல் முறை அம்மா மிக்ஸியைப் போட்டார். இரண்டாம் முறை அத்தை ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எப்படிச் சொல்வது?

பத்து செய்திருந்தபோது சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லவில்லை. இருபது ஆனபோது இன்னும் கஷ்டமாக இருந்தது. பெரிய பேசின் நிறைந்து குவிந்தபோது, அது சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது.

"பிளஸ்ஸி, இதை ஜெயவேலு சார் வீட்டுல கொடுத்துட்டு வா," என்றார் அம்மா. தட்டின்மேல் பூப்போட்ட காகிதம் மூடியிருந்தது. முதல் தட்டு எப்போதும் பக்கத்து வீட்டுக்குத்தான். அதன்பிறகு தெருவில் இன்னும் ஏழு வீடுகள்.

தட்டு கனக்கவில்லை. ஆனாலும் பிளஸ்ஸி மெதுவாகத்தான் நடந்தாள்.

ஜெயவேலு படப்பை ரோட்டில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். கேட்டைத் திறந்துகொண்டு அவரே வந்தார். பின்னால் அவர் மகள் தேவதர்ஷினி. பிளஸ்ஸியும் அவளும் ஒரே வகுப்பு; ஸ்கூல் வேனில் ஒரே சீட்.

"வாம்மா, வா! இன்னா இவ்ளோ லேட்டு? காலைலேர்ந்து வாசனை வந்துகினே கீது. நான் கடைக்குக்கூடப் போவல."

காகிதத்தை விலக்கி ஒரு கல்கல்லை எடுத்தார். சூடு ஆற ஊதினார். வாயருகே கொண்டுபோனார்.

"அங்கிள்!"

பிளஸ்ஸி எட்டி அவர் கையிலிருந்த கல்கல்லைப் பிடுங்கினாள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது உங்களுக்கு இல்ல அங்கிள்!"

"இன்னாது?"

அவள் ஓடிவிட்டாள். தேவதர்ஷினி வாயைப் பிளந்து நின்றது மட்டும் கண்ணில் பட்டது.

தட்டைச் சமையல் மேடையில் வைப்பதற்குள் காம்பவுண்டு சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "டீச்சர்! எங்க மேல இன்னா கோவம்? கைல வெச்ச கல்கல்லயும் புடுங்கிகினு ஓடிட்டா உங்க பொண்ணு!"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சமையலறையில் யாரும் சிரிக்கவில்லை.

"என்னடி பண்ணின?" என்றார் அம்மா.

பிளஸ்ஸி தட்டின்மேல் காகிதத்தை இழுத்து மூடினாள். அத்தை அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"திட்டாத யூனிஸ். போன வருஷம் கல்லு மாதிரி இருந்துச்சுன்னு யாரோ சொன்னாங்களாம். இந்தத் தடவையும் அப்படித்தான் போல. கொடுக்கப் புள்ளைக்கு வெக்கமா இருந்திருக்கும். என் கைப்பக்குவம் போயிடுச்சு."

அத்தையின் முகம் சின்னதாகிவிட்டது.

தலையை ஆட்டினால் போதும். எல்லாம் அத்தோடு முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. பிளஸ்ஸி அத்தையின் கட்டைவிரலைப் பார்த்தாள். காலையிலிருந்து அழுத்தி அழுத்தி அது சிவந்திருந்தது.

"உங்க கல்கல் நல்லாத்தான் இருக்கு அத்தை. அந்தச் சீப்புதான்... அதுல நான் தலை வாரிட்டேன்."

"அதுக்கென்ன, புதுச் சீப்புன்னு ஆசைப்பட்டு..."

"இல்ல அத்தை. பேன் வாரினேன்."

"கர்த்தரே!" அத்தை கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டார். ஹாலில் ஃபிரெடி 'புர்' என்று சிரிக்க ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கிக்கொண்டான்.

அம்மா அடுப்பை அணைத்தார். எண்ணெயின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"எத்தனை நாளா?"

"பத்து நாளா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

பிளஸ்ஸி தரையைப் பார்த்தாள். "நீங்க அந்த நாலாம் கிளாஸ் பொண்ணைப் பத்திச் சொன்னீங்கல்ல. அவங்க வீட்டுல பார்க்கவே மாட்டாங்களான்னு."

அம்மாவும் தரையைப் பார்த்தார். இருவரும் ஒரே டைல்ஸைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

மொட்டைமாடியில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்த அப்பா எலியேசர் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தார்.

"என்ன, யாராவது ஜெபம் பண்றீங்களா? வீடு இவ்ளோ அமைதியா இருக்கு?"

ஃபிரெடி அவர் காதில் விஷயத்தைச் சொன்னான். அப்பா பேசினைப் பார்த்தார். சீப்பைப் பார்த்தார். பிளஸ்ஸியைப் பார்த்தார்.

"சோப்புப் போட்டுக் கழுவினியா?"

"மூணு தடவை."

அப்பா ஒரு கல்கல்லை எடுத்துக் கடித்தார். 'மொறுக்' என்று சத்தம் கேட்டது. "சரி. இது நம்ம வீட்டுக்கு. தெருவுக்கு வேற செஞ்சுக்கலாம்."

"நான் தொடமாட்டேன்பா," என்றார் அத்தை.

அம்மா பேசினுக்கு அருகில் போனார். ஒன்றை எடுத்தார். பிளஸ்ஸியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை வாயில் போட்டு மென்றார்.

அதுவரை வராத அழுகை பிளஸ்ஸிக்கு அப்போதுதான் வந்தது.

பாத்திரத்தில், ஈரத்துணிக்கு அடியில், கொஞ்சம் மாவு மிச்சம் இருந்தது. "நான் போய் வேற சீப்பு வாங்கிட்டு வரட்டுமா?" என்று ஃபிரெடி கேட்டான்.

"சீப்பா? பேரைச் சொல்லாதடா," என்று அத்தை கழுத்தைச் சொறிந்துகொண்டார். "கேட்டாலே உடம்பு அரிக்குது."

பிளஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். கோடு விழ என்ன இருக்கிறது? கரண்டி வழவழவென்று இருந்தது. சல்லடையின் கம்பி மெல்லியது. சுவர் ஆணியில் இடியாப்பத் தட்டுகள் தொங்கின. பிரம்பில் பின்னிய தட்டுகள்.

"அத்தை, அதுல உருட்டிப் பார்க்கட்டுமா?"

"முதல்ல தலையில துண்டைக் கட்டு!"

அவள் துண்டைக் காது வரை இழுத்துக் கட்டினாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தட்டை அலசித் துடைத்துக் கவிழ்த்துப் போட்டு, சிறு உருண்டையை அதன்மேல் வைத்து அழுத்திச் சுருட்டினாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"சங்கு மாதிரி இல்ல."

பிளஸ்ஸியின் தலை தாழ்ந்தது.

"பலாப்பழம் மாதிரி இருக்கு."

"பலாப்பழம்னா நல்லதா, கெட்டதா அத்தை?"

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குட்டிப் பலாப்பழம். நல்லாத்தான்டி இருக்கு. உம், அடுத்ததை உருட்டு."

எட்டு வீடுகளுக்கு எட்டுத் தட்டுகள். ஒரு தட்டுக்குப் பத்துதான் தேறியது. முதல் தட்டை எடுத்துக்கொண்டு பிளஸ்ஸி மறுபடியும் பக்கத்து வீட்டுக் கேட்டுக்குப் போனாள். காது சூடாக இருந்தது.

"அங்கிள், அப்போ பிடுங்கினதுக்கு சாரி. அது கொடுக்கிற மாதிரி இல்ல. இது நல்லது."

ஜெயவேலு தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "இதையும் புடுங்க மாட்டியே?"

"மாட்டேன் அங்கிள்."

அவர் ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். "இன்னா டிசைன மாத்திகினீங்க? நல்லா கீதே!"

பிளஸ்ஸி திரும்பி நடந்தாள். தேவதர்ஷினி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"ஏய், அந்த முதல் கல்கல்ல என்ன பிரச்சனை? சொல்லு."

"ஒண்ணுமில்ல."

வீட்டு வாசல் படியில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள். கையில் பேன் சீப்பு. அதை அவர் சட்டென்று மறைக்கப் பார்த்தார். அதற்குள் தேவதர்ஷினி பார்த்துவிட்டாள்.

"எதுக்கு பேப்பர்?"

பொடுகு என்று சொல்லலாம். நாக்கின் நுனி வரை அந்த வார்த்தை வந்துவிட்டது. அம்மா பிளஸ்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வேனில் இவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

"பேன்," என்றாள் பிளஸ்ஸி. "என் தலையில. கல்கல் சீப்புல வாரிட்டேன். அதான் பிடுங்கினேன்."

தேவதர்ஷினி சிரிக்கவில்லை. தன் வீட்டுப் பக்கம் திரும்பி, அப்பா கேட்கிற தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்தாள். பிறகு செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள்.

"எனக்கும் இருக்கு," என்றாள், காற்றுகூடக் கேட்காத குரலில். "வீட்டுல யாருக்கும் தெரியாது."

பிளஸ்ஸி படியில் உட்கார்ந்தாள். துண்டை அவிழ்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.

"வா. அம்மா வலிக்காமத்தான் வாருவாங்க."