ஐந்தாம் வாசலில் ஒரு வரிசை

டெவன் மாவட்டத்து மலைச்சரிவில் விடாத மழை. இசை விழா நடக்கும் மைதானம் முழுக்கச் சேறு. ஆனாலும் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை.

பத்து வயது ஹெஸ்டர், ஐந்தாம் வாசலில் அம்மாவின் பக்கத்தில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவெங்கும் கூடாரங்கள். கம்பங்களில் நனைந்த கொடிகள். பள்ளத்தாக்கில் மேடை. அதன் முன்னால் பத்து ஊர்களைச் சேர்த்துக் கொட்டியதுபோல் மனிதத் தலைகள்!

"அம்மா, உலகத்துல இருக்கிற எல்லாரும் இங்க வந்துட்டாங்களா?"

"உங்க அப்பா வரலியே. பூனையைப் பாத்துக்க ஆள் வேணும்ல?"

அம்மா பிலிப்பா பென்ரோஸ், ஆரஞ்சு மேல்சட்டை அணிந்த தொண்டர். வாசல் காக்கும் வேலைக்கு விழாக்காரர்கள் தரும் கூலி அவள் கைக்கு வராது. தண்ணீர் இல்லாத ஊர்களில் கிணறு வெட்டும் ஓர் அமைப்புக்குப் போகும். தாத்தா, அத்தை, அம்மா என்று பென்ரோஸ் வீட்டார் வழிவழியாகக் காத்த வாசல் அது. அவர்கள்மீது குறை என்று ஒரு சொல் வந்ததில்லை.

அன்று மாலை வந்துவிடும் போலிருந்தது.

வாசலை ஒட்டிய ஆம்புலன்ஸ் பாதையில் ஒரு நீளமான வரிசை முளைத்திருந்தது. மேற்பார்வையாளர் நைஜல் சளக் சளக்கென்று சேற்றில் நடந்து வந்தார்.

"என்ன கூத்து இது, பிலிப்பா? அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தா பறந்தா போகும்?"

"நகரச் சொல்லிட்டேன் நைஜல். 'வரிசை நகர்ந்ததும் போயிடுறோம்'னு ரொம்ப மரியாதையா சொல்றாங்க. வரிசைதான் நகர மாட்டேங்குது."

"நான் ஒரு சுத்து சுத்திட்டு வர்றதுக்குள்ள பாதை காலியாகணும். இல்லன்னா இந்த வாசலுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

அம்மாவின் முதுகு விறைத்தது. வாசலை விட்டு அவள் ஓரடிகூட நகரக் கூடாது, அது விதி. அவள் கண் கலங்கியதை ஹெஸ்டர் மட்டும் பார்த்தாள்.

"நான் போய்ப் பாக்கறேன்மா."

"என் ஆரஞ்சு சட்டை தெரியற தூரத்துலயே இரு."

வரிசையின் கடைசியில் பச்சை மழைக்கோட்டு மாமா ஒருவர் நின்றார்.

"இது எதுக்கு வரிசை?"

"டீக்குத்தான் செல்லம்."

முன்னால் நின்ற பெண் வெடுக்கென்று திரும்பினாள். "டீயா? கழிப்பறைக்குன்னுல்ல நான் நிக்கறேன்!"

"செல்போன் சார்ஜ் போடற இடம் இல்லையா?" என்றான் அவளுக்கும் முன்னால் நின்ற இளைஞன்.

"யார் சொன்னாங்க?" என்றாள் ஹெஸ்டர்.

"யாரும் சொல்லல. வரிசை இருந்துச்சு. நின்னுட்டேன்."

அப்போதும் ஒருவரும் விலகவில்லை. இவ்வளவு நேரம் நின்றுவிட்டு இடத்தை விடுவதா?

ஹெஸ்டர் வரிசையின் தலைப்பக்கம் ஓடினாள். அங்கே டீக்கடை இல்லை. கழிப்பறையும் இல்லை. ஒரு பெண் முழங்கால்வரை சேற்றில் புதைந்து, கறுப்புப் பெட்டி ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்க எதுக்கு நிக்கறீங்க?"

"நிக்கலம்மா. மாட்டிக்கிட்டேன்."

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே!"

"பின்னால எல்லாரும் எதுக்கோ காத்துக்கிட்டு இருக்காங்க. எதுக்குத் தொந்தரவுன்னு..." அவள் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். "நான் இப்போ அந்த மேடையில இருக்கணும். ட்ரம்பெட் ஊதறவ நான்."

மேடை ஏன் இவ்வளவு நேரமாகச் சும்மா கிடக்கிறது என்று ஹெஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பெண்ணின் ஒரு கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. திரும்பினாள். ஒருவர் பின் ஒருவராக எத்தனை பேர்! கயிறு மாதிரி நிற்கிறார்களே!

"எல்லாரும் முன்னால நிக்கறவங்க இடுப்பைப் பிடிச்சுக்கங்க!" என்று பிடித்த கையை விடாமல் கத்தினாள்.

"மன்னிக்கணும், பிடிச்சுக்கலாமா?"

"தாராளமா!"

"கூச்சமா இருக்காதே?"

"சீக்கிரம் பிடிங்க! ம்... இழுங்க!"

'ப்ளக்!' பெண் வெளியே வந்தாள். ஒரு பூட்ஸ் வரவில்லை. மொத்த வரிசையும் தொப்பென்று சேற்றில் உட்கார்ந்து சிரித்தது. அவள் ஹெஸ்டரின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, ஒற்றைப் பூட்ஸோடு மேடையை நோக்கி ஓடினாள்.

"அப்போ டீ கிடையாதா?" என்று முணுமுணுத்தபடி பச்சைக்கோட்டு மாமா எழுந்து போனார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

நைஜல் திரும்பி வந்தார். காலிப் பாதையை மேலும் கீழும் பார்த்தார். "எப்படி?"

"இது பென்ரோஸ் வாசல், நைஜல்" என்றாள் அம்மா, தலை நிமிர்ந்து. அவள் கை மகளின் தோளில் இருந்தது.

அப்போது பள்ளத்தாக்கிலிருந்து ஒரே ஒரு சுரம் எழுந்தது.

அது மெல்ல உயர்ந்தது. கூடாரங்களைத் தாண்டி, மழையைத் தாண்டி, மலைமேல் படர்ந்தது. பத்து ஊர்த் தலைகளும் அசையாமல் நின்றன. கொடிகள் மட்டும் ஆடின. எறும்பு அளவுக்குத் தெரிந்த அந்தச் சேற்றுக்கால் பெண்ணிடமிருந்தா இத்தனை பெரிய ஒலி? ஹெஸ்டருக்கு மூச்சுவிட மறந்துபோனது.

"அம்மா, அவங்க கையைப் பிடிச்சுத்தான் நான் இழுத்தேன்" என்றாள் மிக மெதுவாக. அம்மா அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

கைதட்டல் மலையேறி வந்தபோதுதான் ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். பாதை நடுவே சேற்றில் அந்த ஒற்றைப் பூட்ஸ் நின்றது. அதன் பின்னால் குடையோடு இரண்டு பேர் பொறுமையாக நின்றார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்தார்.

"மன்னிக்கணும், வரிசை இங்கதானே?"

ஹெஸ்டர் பூட்ஸைப் பிடுங்க ஓடினாள்.