தொப்பிகள் சரியாக இருந்தன

“ஐயோ...!”

பேய் மாளிகைக்குள் ஓர் அலறல்!

யாரும் பதறவில்லை. அலறத்தானே டிக்கெட் எடுத்திருக்கிறார்கள்!

“ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ணிட்டாங்க போல...” என்றான் கைடு.

பதினோரு வருட சர்வீஸ். ‘குடும்பத்தோடு ஒரு நாள், ஏழு இடங்கள்’ டூர். மிருகக்காட்சி சாலையும் பொம்மை ரயிலும் முடிந்து, இது மூன்றாவது இடம். அவனுக்குப் பின்னால் இருட்டில் தட்டுத்தடுமாறி வந்தன, கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பிகள்.

வளைவில் ஒரு சவப்பெட்டி. பக்கத்தில், நீலக் கோடு போட்ட சட்டையில் ஒரு பொம்மை குப்புறக் கிடந்தது.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி குனிந்து அதைத் தொட்டாள்.

“கைடு அங்கிள்... இந்தப் பொம்மை கை சூடா இருக்கு!”

“கரன்ட்ல ஓடுது பாப்பா. சூடாத்தான் இருக்கும்.”

“ரத்தம்கூட ஒட்டுது அங்கிள்...”

“பெயின்ட் காயல!”

சொன்னதோடு விட்டானா? குனிந்து, பொம்மையின் கையைப் பிடித்துக் குலுக்கியும் காட்டினான். நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் பஸ்ஸில் தலை எண்ணினான்.

இருபத்துநாலு. சரி. கையெழுத்து. போகலாம், ரைட்!

*

மீன் காட்சியகம். டிக்கெட் எடுக்க இறங்கியவனை ஒரு பெண்மணி மறித்தாள். சாதாரணச் சேலை. நீட்டிய அடையாள அட்டையில்... இன்ஸ்பெக்டர்!

“பேய் மாளிகையில ஒருத்தரைக் குத்திப் போட்டிருக்காங்க. உயிர் இருக்கு... ஊசலாடுது. பர்ஸ் இல்ல, போன் இல்ல. உங்க ஆளா?”

“இல்ல மேடம். இருபத்துநாலு பேரும் பஸ்ல இருக்காங்க.”

“முகத்தைப் பார்த்து எண்ணினீங்களா?”

“ஆ... ஆமா மேடம்.”

“அப்ப வேற குரூப். நீங்க கிளம்புங்க. அரை மணி முன்னாடி யாராவது பார்த்திருந்தா அந்த மனுஷன் இவ்ளோ ரத்தம் இழந்திருக்க மாட்டார்...” போனில் ஒரு போட்டோ காட்டினாள்.

முகம் தெரியவில்லை அவனுக்கு. சட்டை தெரிந்தது.

நீலக் கோடு!

அவன் வலது கை தானாகப் பின்னால் போய் பேன்ட்டில் துடைத்துக்கொண்டது. குலுக்கிய கை!

பஸ் ஜன்னலில் அந்தச் சிறுமி. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்தால் உள்ளே குதித்துவிடலாம் போலிருந்தது.

“மேடம்... நான் பொய் சொல்லிட்டேன்.”

“என்ன?”

“முகத்தைப் பார்க்கல. தொப்பியைத்தான் எண்ணினேன். பதினோரு வருஷமா... தொப்பியைத்தான் எண்றேன்.”

இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. “அப்போ... குத்துப்பட்டவர் உங்க ஆளா இருந்தா, அவர் தொப்பியைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் பஸ்ல உக்காந்திருக்கான்! யாருய்யா அவன்?”

“தெரியாது மேடம். காலையிலேர்ந்து ஒருத்தர் முகத்தையும் நான் பார்க்கல...”

“வெக்கமா இல்ல?”

“இருக்கு மேடம்.”

“கத்தி இன்னும் கிடைக்கல. உள்ள ஒன்பது குழந்தைங்க. போட்டோவைக் காட்டிக் கேட்டா உஷாராயிடுவான். சத்தமில்லாம கண்டுபிடிக்கணும்.”

கைடு தலைகுனிந்தான்.

“ஒரு வழி இருக்கு மேடம். சொல்லவே கூச்சமா இருக்கு...”

“சொல்லித் தொலைங்க!”

“என்கிட்ட ஒரே ஒரு ஜோக்தான் இருக்கு. ஒவ்வொரு வாசல்லயும் அதையேதான் சொல்லுவேன். காலையிலேர்ந்து மூணு தடவை ஆச்சு. அவன் பேய் மாளிகைக்குள்ளதான் நம்ம குரூப்ல சேர்ந்தான்னா... இன்னும் கேட்டிருக்க மாட்டான்.”

*

பஸ்ஸில் ஏறினான். பின்னாலேயே இன்ஸ்பெக்டர், காட்சியக ஊழியர் மாதிரி.

கடைசி சீட்டில் தனியாக ஒரு தாடிக்காரன். இன்ஸ்பெக்டரின் கண் அங்கேயே நின்றது.

கைடு தொண்டையைச் செருமினான்.

“எல்லாரும் கவனிங்க... உள்ள போறதுக்குத்தான் டிக்கெட். வெளிய வர்றது... இலவசம்!”

யாரும் சிரிக்கவில்லை.

ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். “கடவுளே, மறுபடியுமா...” என்றாள் ஓர் அம்மா. தாடிக்காரன் காதில் விரலை விட்டுக்கொண்டான்.

“ஹா ஹா ஹா!”

மூன்றாவது வரிசை!

ஜோடியாக வந்த புது மனைவி. அவள் பக்கத்தில் அவள் ‘கணவன்’ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவள் முழங்கையால் இடித்தாள். லேட்!

கணவனைக் காணோம் என்று ஏன் யாருமே தேடவில்லை என்பது கைடுக்கு அப்போதுதான் உறைத்தது.

சிரித்தவன் கை பைக்குள் போவதற்குள் இன்ஸ்பெக்டர் மணிக்கட்டைத் திருகினாள். கத்தி ‘ணங்’ என்று விழுந்தது.

“ஜோக்குக்குத்தானே மேடம் சிரிச்சேன்!”

“அதான்யா சந்தேகமே!”

போலீஸ்காரர்கள் வந்து இருவரையும் இறக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிழைத்துக்கொள்வாராம்.

யாரும் கைதட்டவில்லை. கைடும் எதிர்பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் அந்த ஜோக்குக்கு மனசாரச் சிரித்த ஒரே ஆள், கத்தியோடு வந்தவன்!

சிறுமியின் சீட்டருகே போய் மண்டியிட்டான். முதல் முறையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான்.

“நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். மன்னிச்சிடு பாப்பா.”

அவள் தன் மஞ்சள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“மன்னிக்கிறேன் அங்கிள். ஆனா அந்த ஜோக்கை மிச்ச மூணு இடத்துலயும் சொன்னீங்க... போலீஸ் ஆன்ட்டி போன் நம்பர் என்கிட்ட இருக்கு!”